வைரம் பாய்ந்த பிடி

இராமநாதபுரத்துக் கண்மாய்களிலிருந்து சீமைக் கருவேலம் அகற்றப்பட வேண்டும் என்பதில் நமக்கு இருவேறு கருத்து இல்லை. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு ஆணையிட்டது. 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களுக்கெனக் கொள்கையே வகுத்தது. நம் கேள்வி வேறு. வெட்டிய மரம் முழுவதும் கரிமூட்டத்துக்கே போகத்தான் வேண்டுமா?

நாட்டுக் கருவேலம் நமக்கு ஏர் தந்தது, வண்டிச் சக்கரம் தந்தது, அரிவாளுக்குப் பிடியும் தந்தது. இன்று சந்தையில் வாங்கும் பிடி பெரும்பாலும் வெளிறு. வண்டு துளைக்கிறது, காய்ந்ததும் பூண் கழல்கிறது. ஓங்கிய கையிலிருந்து அலகு பறந்தால் போவது அன்றைய கூலி மட்டுமன்று.

சீமைக் கருவேலத்தின் முதிர்ந்த அடிமரத்திலும் வைரம் உண்டு. நிழலில் உலர்த்தினால் அது மிகக் குறைவாகவே சுருங்கும். கோணல் மரம் என்பார்கள். மண்வெட்டிக் கணைக்கு அது குறைதான். அரிவாள் பிடிக்கு ஒரு சாண் நேர்க்கட்டை போதுமே!

பயன் கண்டுவிட்டால் மரத்தை அழிக்க மனம் வராது என்ற அச்சம் நியாயமானது. கரித்தொழிலை நம்பி வாழ்வோரின் நிலை அதற்குச் சான்று. ஆகவே வேரோடு பறித்த மரத்திலிருந்தே பிடி கடைவோம். பறித்த குழியில் நாட்டுக் கருவேலத்தை ஊன்றுவோம். இராமேசுவரத்து மணலில் குடை விரித்து நிற்கும் உடைமரத்தின்மீது கோடரி படாதிருக்கட்டும்.

பகை மரமும் ஒருமுறை கைக்கு உதவிவிட்டுப் போகட்டும். அடுத்த தலைமுறையின் அரிவாளுக்குப் பிடி நம் கண்மாயிலேயே வளர வேண்டும்.