பழவேற்காட்டுக்கு ஒரு நாள்

ஐப்பசி பிறந்தால் திருத்தணியில் காற்று மாறிவிடும். வெயிலின் உக்கிரம் அடங்கி, விடியற்காலையில் போர்வையைத் தேட வேண்டியிருக்கும். அடைமழை பிடித்துக்கொள்வதற்கு முன் கிடைக்கிற இரண்டொரு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேயாவது போய்வர வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது? "கடலைப் பார்த்து நாளாச்சுப்பா" என்றார் என் பெரியப்பா. கடல் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மெரீனாதான். இந்தத் தடவை பழவேற்காட்டுக்குப் போவோம் என்றேன். "அது எந்த ஜில்லாவில் இருக்கு?" என்று கேட்டார்.

நம்முடைய ஜில்லாவில்தான்! 1997ல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்ததிலிருந்து, மேற்கே திருத்தணி மலையும் கிழக்கே பழவேற்காட்டுக் கடலும் ஒரே கலெக்டரின் ஆட்சியில் இருக்கின்றன. அந்த மலைக்கு ஆடிக்கிருத்திகையன்று காவடி எடுத்து வரும் ஜனங்களுக்குக் கணக்கில்லை. கடலுக்குப் போகிற திருத்தணிக்காரரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதல் ரயிலில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி, பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்தோம். பெரியப்பா சஷ்டி விரதத்தை நினைத்துப் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மீன் மணக்கும் ஊருக்குக் கட்டுச்சோற்று மூட்டையோடு போனவர்கள் அன்று நாங்கள் இருவர் மட்டுமாகத்தான் இருந்திருப்போம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஏரி கண்ணை நிறைத்தது. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் உவர்நீர் ஏரிகளில், ஒரிஸ்ஸாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரியது இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது, தென்கோடிதான் நமக்கு. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில், ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு படுத்திருக்கிறது. 1960 ஏப்ரல் 1ந் தேதி திருத்தணி சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து நம்மோடு சேர்ந்தபோது பெரியப்பா பள்ளிக்கூடத்துப் பையன். "நம்ம ஊர் ஒரு பக்கமா வந்து சேர்ந்துட்டது. இந்த ஏரி இன்னும் ரெண்டு பக்கமும் காலை வெச்சுக்கிட்டு நிக்குதே" என்றார்.

டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் சற்று நேரம் நின்றோம். 1613ல் இங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டி, சோழ மண்டலக் கரை வாணிபத்தையே இங்கிருந்து நடத்தியவர்கள் அவர்கள். நம் நெசவாளரின் துணி இந்தத் துறையிலிருந்து கப்பலேறியது. கோட்டை அழிந்துவிட்டது, கல்லறைகள் அழியவில்லை. வாசலின் இரு புறமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். "கோயில் வாசலில் துவாரபாலகர் நிற்கிற மாதிரி" என்று பெரியப்பா சொன்னார். அவர் சிரிக்கவில்லை.

மறுபடியும் கரைக்கு வந்தோம். தூரத்தில் சில பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை அரித்துக்கொண்டிருந்தன. கூட்டம் கூட்டமாக வருவதற்கு இன்னும் சில வாரம் ஆகும். அப்போதுதான் ஓர் இளைஞர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "படகுல போறீங்களா சார்? முகத்துவாரம் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

எனக்கு ஆசைதான். பெரியப்பா கேட்டார்: "தம்பி, லைஃப் ஜாக்கெட் இருக்கா?"

இளைஞர் சிரித்தார். "தண்ணி இடுப்பளவுதான் பெரியவரே."

அவர் சொன்னது முழுப் பொய்யல்ல. ஏரியின் பெரும்பகுதி ஆழமற்றதுதான். சராசரி ஒரு மீட்டர்கூடத் தேறாத இடங்கள் உண்டு. ஆனால் முகத்துவாரம் வேறு விஷயம். கடல் ஏறும்போது நீர் உள்ளே பாய்கிறது, வடியும்போது வெளியே இழுக்கிறது. மணல் திட்டு இன்றைக்கு ஓரிடம், மழை வெள்ளத்துக்குப் பிறகு வேறிடம். மேலே பார்க்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணீர்தான் இது. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில் இந்த ஏரியில் படகேறிப் போனவர்களில் 22 பேர் உயிரோடு கரை திரும்பவில்லை. பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. அவர்களிடம் மிதவைச் சட்டை இல்லை.

நாங்கள் ஏறவில்லை. ஆனால் நாங்கள் நின்ற ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைகளோடு ஒரு குடும்பம் ஏறிப் போயிற்று.

அந்த விபத்துக்குப் பிறகு உல்லாசப் படகு சவாரிக்குத் தடை போட்டார்கள். தடை போட்டது சரிதான். ஆனால் தடையோடு காரியம் முடிந்துவிட்டதாக நினைத்தது சரியல்ல. ஏரியைப் பார்க்க வருகிறவர் படகைத் தேடத்தான் செய்வார். மீன் கிடைக்காத நாளில் நாலு காசு வருமென்றால் படகுக்காரரும் மறுக்க மாட்டார். வெளிப்படையாக நடக்க வேண்டியது காதோடு காதாக நடக்கிறது. தலையை எண்ணுகிறவர் இல்லை, வானிலை பார்த்து நிறுத்துகிறவர் இல்லை. தேக்கடியில் 2009 செப்டம்பரில் 45 பேர் மாண்டார்கள். தானூரில் 2023 மே மாதம் 22 பேர். அதிலும் தேக்கடியில் கவிழ்ந்தது சுற்றுலாத் துறையின் சொந்தப் படகு! ஆகவே சர்க்கார் பலகையை மாட்டிவிட்டால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. படகு தாங்கும் எடைக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்றாமல் தடுக்கிற ஆள் கரையில் நிற்க வேண்டும்.

முட்டுக்காட்டிலும் பிச்சாவரத்திலும் சட்டை மாட்டிவிட்டுத்தான் படகில் ஏற்றுகிறார்கள். பழவேற்காட்டில் ஏன் கூடாது? இங்குள்ள மீனவர்கள் 'பாடு' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று தங்களுக்குள்ளேயே முறை பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. தண்ணீரையே முறை வைத்துப் பங்கிடத் தெரிந்தவர்களுக்குச் சவாரியை முறை வைத்து நடத்தத் தெரியாதா? அவர்களுடைய சங்கங்களுக்கே உரிமம் கொடுக்கட்டும். படகைச் சோதித்து எண் எழுதட்டும். முகத்துவாரத்துக்குப் போகாமல் ஏரிக்குள்ளேயே ஒரு வட்டம் என்று வரையறுக்கட்டும். மிதவைச் சட்டை வாங்குவதற்கு ஆகும் செலவு, ஒரு சாவுக்குக் கொடுக்கிற நஷ்ட ஈட்டுக்கு முன்னால் எம்மாத்திரம்? பூநாரைக் கூட்டமும் விடுமுறைக் கூட்டமும் மார்கழிக்குள் வந்துவிடும். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

படகில் போன குடும்பம் திரும்பி வருகிற வரையில் பெரியப்பா கரையை விட்டு நகர மறுத்துவிட்டார். வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன்; உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். முக்கால் மணி கழித்துப் படகு வந்தது. ஒரு சிறுமி குதித்திறங்கி, கையிலிருந்த சிப்பியை அவரிடம் நீட்டிக் காட்டினாள்.

கடைத்தெருவில் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டி ஒன்றைப் பெரியம்மாவுக்காக வாங்கிக்கொண்டு பொன்னேரி பஸ்ஸில் ஏறினோம். "அடுத்த வருஷமும் வருவோம்" என்றார் பெரியப்பா. "சட்டை கொடுத்தா நானும் ஏறுவேன்."