ஆம்ப் வாங்க முன்னம் ஓமின் விதியை எடுத்துப் பாருங்கள்



நீளமான பதிவு. கொஞ்சம் கோபமும் இருக்கும். ஹெட்போன் வைத்திருக்கிற பிள்ளைகளும் அதற்குக் காசு கொடுக்கிற பெற்றோரும் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

கொஞ்ச நாளாக இன்பொக்ஸில் ஒரே கேள்வி. "சேர், முதல் தடவையா போர்ட்டபிள் ஆம்ப் ஒண்டு வாங்கப் போறன். பட்ஜெட் பதினைஞ்சாயிரம். எது நல்லது?" சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஹெட்போனைக் கொழுவும் சின்னப் பெட்டியைத்தான் கேட்கிறார்கள். பாடப்புத்தகத்தில் அதன் பெயர் விரியலாக்கி. "உங்கட ஹெட்போன் எத்தனை ஓம்?" என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. பள்ளிக்கூடத்தில் ஓமின் விதி படித்து, கணக்குச் செய்து, பெறுபேறும் எடுத்த பிள்ளைகள் இவர்கள்! பரீட்சைத் தாளைக் கட்டிக் கொடுத்ததோடு அந்த விதியையும் கட்டிக் கொடுத்துவிட்டார்களா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கிற உங்களில் அநேகமானவர்களுக்கு ஆம்ப் தேவையில்லை. தேவைப்படுகிறவர்களிலும் அநேகமானவர்களுக்கு விரல் நீளமே உள்ள ஒரு டொங்கிள் போதும். அதற்கு மேலே வேண்டுமா என்பதை யூடியூப்காரர் சொல்லத் தேவையில்லை. உங்கள் கொப்பியும் பேனையும் சொல்லும்.

கணக்குக்கு வருவோம். ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மின்தடங்கல், ஓமில். மற்றது உணர்திறன், அதாவது ஒரு மில்லிவாற்று வலு கொடுத்தால் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது. வலு என்றால் வோல்ற்றளவின் வர்க்கத்தைத் தடையால் பிரிப்பது. வலு இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். இவ்வளவுதான், வேறு மந்திரம் கிடையாது.

காதுக்குள் செருகும் சாதாரண இயர்போன் ஒன்றை எடுங்கள். 32 ஓம், மில்லிவாற்றுக்கு 105 டெசிபல் என்று வைப்போம். ஐபோனுக்கும் ஐபாட்டுக்கும் அப்பிள் நிறுவனம் விற்கும் சின்ன டொங்கிள் அதிகபட்சம் ஒரு வோல்ற்று தரும். ஒன்றை 32ஆல் பிரித்தால் 31 மில்லிவாற்று. அது 15 டெசிபல் கூட்டும். மொத்தம் 120. அது இசை கேட்கிற அளவே இல்லை, காதை உடைக்கிற அளவு. அந்த டொங்கிளின் அமெரிக்க விலை 9 டொலர். டொலர் 300 ரூபாய்க் கணக்கில் 2,700 ரூபாய். வரியும் அனுப்புகூலியும் சேர்ந்து இங்கே கூடுதலாகத்தான் வரும். அப்படியிருந்தும் உங்கள் பதினைந்தாயிரத்துக்குக் கிட்டவும் வராது. இதே இயர்போனுக்கு ஐந்நூறு மில்லிவாற்று ஆம்பை ஒருவர் தலையில் கட்டினால், அவர் உங்களுக்கு என்ன விற்கிறார் என்று யோசியுங்கள்.

இன்னொரு கணக்கு. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டது இந்த ஊர். நாங்கள் அப்போது இங்கே இல்லை. 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டு புத்தளத்தில் இருந்தோம். ஊரில் இருந்த நண்பர்கள் சொல்லக் கேட்டதுதான். சைக்கிள் டைனமோ ஒன்று கொடுப்பது வழமையாக 6 வோல்ற்று, 3 வாற்று. அந்த 3 வாற்றுக்குள் ஒரு முற்றமே கூடியிருந்து செய்தி கேட்டது. மேலே சொன்ன இயர்போனில் 80 டெசிபலில் கேட்க எவ்வளவு வலு வேண்டும்? ஒரு மில்லிவாற்றின் ஆயிரத்தில் மூன்று பங்கு. அந்த டைனமோ கொடுத்ததில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு! டைனமோவில் உலகச் செய்தி கேட்ட ஊர்ப் பிள்ளைகளுக்கு "உன்ர போனுக்கு வலு போதாது" என்று சொல்லி விற்க முடிகிறதென்றால், வெட்கப்பட வேண்டியவர்கள் விஞ்ஞானம் படிப்பிக்கும் நாங்களும்தான்.

"சேர், நான் கொழுவிப் பார்த்தனான், வித்தியாசம் தெரியுது" என்று எழுதுகிறார்கள். தெரியும்தான். ஆம்ப் போட்டதும் சத்தம் கொஞ்சம் கூடும். ஒன்றிரண்டு டெசிபல் கூடினாலே மனிதக் காது "தெளிவாயிருக்கு, ஆழமாயிருக்கு" என்றுதான் சொல்லும். விற்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்து, எது எது என்று தெரியாமல் இன்னொருவரைக் கொண்டு மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். பிறகு வந்து சொல்லுங்கள்.

அடுத்தது 32 பிற், 768 கிலோஹேர்ட்ஸ் என்று பெட்டியில் அடிக்கிற எண்கள். இசைத்தட்டு 16 பிற், 44.1 கிலோஹேர்ட்ஸ். நீங்கள் கேட்பது யூடியூப்பில் சுருக்கி ஏற்றிய பாட்டு. நாகூர் ஹனிபாவின் பழைய பாட்டானாலும் சரி, 1975இல் மறைந்த தெட்சணாமூர்த்தியின் தவிலானாலும் சரி, அன்று மைக்கில் ஏறாததை இன்று எந்தப் பெட்டியும் உண்டாக்கித் தராது. புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்களே, உங்களுடையதற்குள் ஏற்கனவே ஆம்ப் இருக்கிறது. வெளியே ஒன்றை வாங்கி எங்கே கொழுவப் போகிறீர்கள்?

அப்படியென்றால் ஆம்ப் என்பதே ஏமாற்றா? இல்லை. "எல்லாம் காசு கரைக்கிற வேலை" என்று பிள்ளைகளை ஏசுகிற பெரியவர்களோடும் நான் இல்லை. தவிலை எடுங்கள். சராசரிச் சத்தம் 80 டெசிபலில் இருந்தாலும் ஒரு அடி விழும்போது கணப்பொழுது 95, 100 வரை ஏறும். அந்த உச்சி வெட்டுப்படாமல் வரவேண்டும். செனைசர் எச்டி 600 என்ற ஹெட்போன் 300 ஓம், ஒரு வோல்ற்றுக்கு 97 டெசிபல். ஒரு வோல்ற்று டொங்கிள் அதற்கு மட்டுமட்டு. இரண்டு வோல்ற்று தரும் டொங்கிள் என்றால் 6 டெசிபல் கூடி 103. காணும். ஆம்ப் கட்டாயம் என்று எல்லோரும் பயமுறுத்துகிற பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 250 ஓமையும் போட்டுப் பாருங்கள். மில்லிவாற்றுக்கு 96. ஒரு வோல்ற்றில் 4 மில்லிவாற்று, ஆகவே 102 டெசிபல். அதுவும் காணும்!

ஆகவே முதல் ஆம்ப் தெரிய இந்த வரிசையில் போங்கள்.

1. போனில் 3.5 மில்லிமீற்றர் துளை இருந்தால் முதலில் அதிலேயே கேளுங்கள். அளவான சத்தமும் சுத்தமான ஒலியும் வந்தால் கதை முடிந்தது.

2. துளை இல்லையென்றால், அல்லது சத்தம் முழுதாக வைத்தும் காணாவிட்டால், டொங்கிள். எத்தனை வோல்ற்று என்று பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் 100 டெசிபலைத் தொட்டால் போதும்.

3. அப்பிள் டொங்கிளில் இரண்டு பொறி உண்டு. ஐரோப்பாவுக்குச் செய்தது ஏறக்குறைய அரை வோல்ற்றுத்தான் தரும். பல அன்ட்ராய்ட் போன்களில் மற்றதிலும் சத்தம் குறைவாகவே வரும். போலியும் சந்தையில் நிறைய. உங்கள் போனில் கொழுவிப் பார்த்தே வாங்குங்கள்.

4. வெளியீட்டுத் தடங்கல் ஹெட்போனின் தடங்கலில் எட்டில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். கூடினால் சில இயர்போன்களில் ஒலியின் சமநிலையே மாறும்.

5. இதையெல்லாம் தாண்டியும் காணாவிட்டால் மட்டும் பற்றரி வைத்த பெட்டி.

விலைக்கும் தரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு கதை. 2011இல் தன் சொந்தப் பெயரைச் சொல்லாமல் என்டபிள்யுஏவிகய் என்ற புனைபெயரில் எழுதிய ஒரு பொறியியலாளர், பெரிய விலைப் பெட்டிகளைக் கருவி வைத்து அளந்து அவற்றின் குறைகளை வெளியிட்டார். பிறகு ஓ2 என்ற போர்ட்டபிள் ஆம்பைத் தானே வடிவமைத்து, சுற்றுப்படத்தை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். இரண்டு 9 வோல்ற்று பற்றரி, சாதாரண உதிரிப்பாகங்கள், ஈயம் பற்றவைக்கத் தெரிந்த கை. அவ்வளவுதான். அடுத்த வருடம் ஆள் மௌனமாகிவிட்டார். வடிவமைப்பு இன்றும் இருக்கிறது. பௌதிகவியல் படிக்கிற பிள்ளை ஒன்று, பழைய றேடியோ திருத்துகிற ஒருவரோடு இருந்து இதைச் செய்து பார்த்தால், கடையில் வாங்குகிற பெட்டியை விட நூறு மடங்கு பெறுமதி என்பேன்.

கடைசியாக, உண்மையான கோபத்துக்கு வருகிறேன். காசு போனால் உழைக்கலாம். உட்செவியின் மயிர்க்கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 95 டெசிபல் என்றால் வாரம் முழுவதுக்கும் ஒன்றேகால் மணித்தியாலம் மட்டும். சிறுபிள்ளைகளுக்கு எல்லை 75 டெசிபல். இந்த எண்ணை எந்த ஆம்ப் பெட்டியில் கண்டீர்கள்? எந்த விமர்சகர் வாய் திறந்து சொன்னார்? ரியூசனுக்குப் போகும் பஸ்ஸில் எஞ்சின் சத்தத்தை அமுக்க வொலியூமைக் கூட்டுகிற பிள்ளைக்குத் தேவை கூடுதல் வலு இல்லை. வெளிச்சத்தத்தை நன்றாக அடைக்கிற, காதுக்குப் பொருந்துகிற றப்பர் நுனி. அதன் விலை சில நூறு ரூபாய்.

2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றைம்பதுக்கு மேல் ஏறியபோது வீட்டில் எதை எதை நிறுத்தினோம் என்று பெற்றோருக்கு மறந்திருக்காது. பதினைந்தாயிரம் சின்னக் காசில்லை. கையில் அவ்வளவு இருந்தால் பதினோராயிரத்துக்கு நல்ல ஹெட்போன் ஒன்றை எடுங்கள். டொங்கிளையும் வாங்கி மிச்சத்தை உம்மாவிடம், அம்மாவிடம் திருப்பிக் கொடுங்கள். ஒலி மாறுவது ஹெட்போனை மாற்றினால்தான்.

இனி இன்பொக்ஸில் "எது நல்லது சேர்" என்று வரவேண்டாம். ஹெட்போனின் ஓம், உணர்திறன், போனின் பெயர் மூன்றையும் கீழே கொமென்ற்றில் எழுதி, கணக்கையும் செய்து போடுங்கள். பிழை இருந்தால் திருத்தி விடுகிறேன். புள்ளி போடமாட்டேன்.