மழை வரும்; நிற்க இடம் எங்கே?

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலுகாக்களை ‘வானம் பார்த்த பூமி’ என்பார்கள். வானத்தைப் பார்த்தது போதும். பெய்த நீர் எங்கே போகிறது என்று பூமியையும் பார்க்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை உண்டு. ஒரே ஒரு ஏக்கரில் 100 மில்லிமீட்டர் பெய்தால் விழும் தண்ணீர் 4 லட்சம் லிட்டர்! ஆகவே இது பாலைவனம் அன்று. ஆனால் அந்த மழையில் ஏறக்குறையப் பாதி, ஐப்பசி கார்த்திகையை ஒட்டிச் சில நாட்களில் கொட்டிவிடுகிறது. அதைப் பிடித்துவைக்கவே முன்னோர் கண்மாய்களைச் சங்கிலிபோல் அமைத்தனர். ஒன்று நிறைந்து கலுங்கு பாய்ந்தால், அடுத்தது நிறையும். மிஞ்சியது குண்டாற்றைச் சேரும்.

இப்போது பருவமே தடம் மாறுகிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால், அது தாங்கும் நீராவி 7 விழுக்காடு அளவுக்குக் கூடும் என்கிறது விஞ்ஞானம். வறண்டால் நீண்ட வறட்சி, பெய்தால் பேய்மழை! 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. 2023 டிசம்பரிலோ, பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இவ்விரு கேடுகளின் கடுமையையும் குறைக்க வல்லது, வரத்துக்காலும் கலுங்கும் செம்மையாக உள்ள கண்மாய்.

ஆனால் நாம் காண்பது என்ன? உள்வாயில் சீமைக்கருவேலம், வரத்துக்காலில் மண்மேடும் ஆக்கிரமிப்பும். கண்மாயில் மண் அள்ளிவிட்டு, வரத்துக்காலைத் தொடாமல் விடுவது, வாசல் வைக்காமல் வீடு கட்டுவதற்கு ஒப்பாகும்.

நிர்வாகமும் துண்டுபட்டுக் கிடக்கிறது. 100 ஏக்கருக்கு மேல் பாசனமுள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஓடிவரும் தண்ணீர் இந்தக் கணக்கை அறியுமா? 2007-ல் இயற்றிய ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் பொதுப்பணித் துறைக் கண்மாய்களுக்கென்றே எழுதப்பட்டது. சிறு கண்மாய் என்ன பாவம் செய்தது?

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர் கால்வாய்! அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அது வெள்ள உபரியைக் கொண்டுவரும் திட்டம். காவிரியில் உபரி வந்து, கால்வாயும் முடிந்து, இங்கே நீர் எட்டினாலும் அதைத் தேக்கிவைக்கக் கண்மாய்தானே வேண்டும்?

1858-ல் ஆங்கிலேயர் குடிமராமத்துக்குச் சட்டம் போட்டார்கள். உழைப்பைக் குடிகளின் தலையில் கட்டினார்கள். அதிகாரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். 2017-ல் அதே பெயரில் சர்க்கார் திட்டம் வந்தது. பெயர் திரும்பினால் போதாது. கண்மாயின்மீது குடிகளுக்கு அதிகாரம் வரவேண்டும்.

ஆகவே நாம் கோருகிறோம்: கண்மாய்களைத் தனித்தனியாக அல்ல, தலைக் கண்மாய் முதல் கடைக் கண்மாய் வரை ஒரே சங்கிலியாக அளந்து செப்பனிடுக! புரட்டாசி முடியுமுன் மடையும் கலுங்கும் பழுது பார்க்கப்படுக! பெரியவர் ஆக்கிரமிப்பாயினும் சட்டம் வளையாதிருக்குக! குத்தகை விவசாயியும் விவசாயத் தொழிலாளியும் இடம்பெறும் குழுவே வேலையை மேற்பார்க்கட்டும். செலவுக் கணக்கை ஊர் மந்தையில் எழுதி வைக்கட்டும். கருவேலத்தை வேரோடு அகற்றும்போது, கரிமூட்டக் கூலியை நம்பிய ஏழைக்கு அந்த வேலையிலேயே முதலிடம் கொடுக்கட்டும்.

கோடை நாட்கள்தான் கண்மாய்க்கு வேலை நாட்கள். நமது தோழர்கள் ஊர்தோறும் வரத்துக்கால் வழியே நடந்து, எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று பட்டியல் எடுக்கவேண்டும். கிராம சபையில் தீர்மானமாக்க வேண்டும். வானத்தை நம்மால் ஆளமுடியாது, வரத்துக்காலை ஆளமுடியும்!