பதினெட்டும் பதினெட்டு பூஜ்யமும்

ஒரு கணக்கு போடுங்கள். பேப்பர், பேனா வேண்டாம், மனக்கணக்கே போதும். 18 என்று எழுதி, பக்கத்தில் 18 பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள். அத்தனை கிரகங்கள். ஒரு கிரகத்துக்கு ஒரு விநாடிதான், சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை என்று நீங்கள் கிளம்பினாலும் எல்லாவற்றையும் எட்டிப் பார்த்து முடிக்க 57,000 கோடி வருஷங்களுக்கு மேல் ஆகும். அதற்குள் நம்முடைய சூரியன் எப்போதோ அணைந்துபோயிருக்கும்.

இந்தக் கணக்கைச் சொல்லித்தான் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்கிற வீடியோ கேமை விற்றார்கள். 2016 ஆகஸ்டில் வெளியானது. விலை 60 டாலர். அன்றைய மதிப்பில் நாலாயிரம் ரூபாய். விண்கலத்தில் ஏறிக்கொள்ள வேண்டியது, ஏதாவது ஒரு கிரகத்தில் இறங்க வேண்டியது, அங்கே திரிகிற மிருகத்துக்குப் பெயர் வைக்க வேண்டியது, அடுத்த கிரகம் போக வேண்டியது. அவ்வளவுதான் விளையாட்டு.

வீட்டில் கேம் விளையாடுகிற பிள்ளை இருந்தால் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "ஆரம்பத்துல சொதப்பிட்டாங்கப்பா, அப்புறம் சூப்பரா சரி பண்ணிட்டாங்க" என்பான். உலகம் முழுக்க இதையேதான் சொல்கிறார்கள். விழுந்து எழுந்த வீரனின் கதையாம். எனக்கு இந்த 'அப்புறம் சரி பண்ணிட்டாங்க' மட்டும் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

முதலில் அந்த 18 பூஜ்யத்தைக் கவனியுங்கள். துல்லியமாகச் சொன்னால் அந்த எண் 2-ன் 64-வது அடுக்கு. கம்ப்யூட்டரில் 64 பிட் இடத்துக்குள் எத்தனை வெவ்வேறு எண்களை எழுத முடியுமோ அத்தனை. ஒவ்வோர் எண்ணும் ஒரு விதை. விதையைச் சூத்திரத்தில் போட்டால் மலை, கடல், வானத்தின் நிறம், நாலு கால் பிராணி எல்லாம் முளைத்து வரும். அழகான யுக்தி, சந்தேகமில்லை. ஆனால் அது விதைகளின் எண்ணிக்கை. ஆச்சரியங்களின் எண்ணிக்கை அல்ல.

நம் ஊர் தள்ளுவண்டியில் '99 வகை தோசை' என்று போர்டு வைத்திருப்பார்கள். பார்த்திருப்பீர்கள். 99-ம் ஒரே மாவு. மேலே தூவுவது பனீரா, காளானா, சோளமா என்பதுதான் வித்தியாசம். ஏழாவது தோசையில் உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும். இதையே கேட் காம்ப்டன் என்கிற அமெரிக்கப் பெண்மணி ஓட்ஸ் கஞ்சியை வைத்துச் சொன்னார். பத்தாயிரம் கிண்ணம் கஞ்சி செய்யலாம், கணக்குப்படி ஒவ்வொன்றும் தனி, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. சாப்பிடுகிறவனுக்கு அது வெறும் கஞ்சி. அம்மணி சும்மா சொல்லவில்லை. 2008-ல் இதே மாதிரி எக்கச்சக்க எதிர்பார்ப்போடு வந்த 'ஸ்போர்' என்கிற கேமில் வேலை பார்த்தவர்.

இதைவிட சுவாரஸ்யமான சங்கதி ஒன்று உண்டு. 1984-ல் டேவிட் பிராபென், இயன் பெல் என்று இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 'எலைட்' என்று ஒரு விண்வெளி விளையாட்டை எழுதினார்கள். 32 கே.பி. நினைவகம் கொண்ட பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டரில் ஓடும். அவர்களிடமும் இதே விதை வித்தை இருந்தது. 2-ன் 48-வது அடுக்கு எண்ணிக்கையில், அதாவது ஏறக்குறைய 2.8 கோடி கோடி விண்மீன் மண்டலங்கள் வரை உருவாக்கியிருக்கலாம். பதிப்பாளரான ஏகார்ன்சாஃப்ட் நிறுவனம் கூடாது என்றது. அவ்வளவு கொடுத்தால் எல்லாம் ஒரே அச்சு என்பது வெளிச்சமாகிவிடும் என்று பயம். கடைசியில் எட்டே மண்டலம், ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திரம் என்று நிறுத்திக்கொண்டார்கள். 'எலைட்' இன்றும் பேசப்படுகிறது.

ஆக, எண்ணிக்கையை வைத்து ஊரைக் கூட்டினால் என்ன ஆகும் என்பது இந்தத் தொழிலில் 32 வருஷம் முன்பே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் 2016-ல் செய்தார்கள். ஏன்? பூஜ்யம் விற்கும், சார்.

செய்தவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு என்கிற ஊரில் ஹலோ கேம்ஸ் என்று ஒரு குட்டி நிறுவனம். தலைவர் ஷான் மர்ரே. 2013 டிசம்பரில் ஒரு விருது விழாவில் முதல் டிரெய்லரைக் காட்டினார்கள். அந்த மாதமே, கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆபீசுக்குள் வெள்ளம் புகுந்து கம்ப்யூட்டர்கள் நாசம். அதிலிருந்து மீண்டு வந்தவர்களை 2014-ல் லாஸ் ஏஞ்சலீஸ் ஈ3 கண்காட்சியில் சோனி நிறுவனம் தன் மேடையில் ஏற்றியது. அன்று காட்டிய டிரெய்லரில் டைனோசர் மாதிரி ராட்சத மிருகங்கள் கூட்டமாக மேய்கின்றன, காண்டாமிருகம் போன்ற ஒன்று மரங்களைச் சாய்த்துக்கொண்டு ஓடுகிறது. கூட்டம் வாய் பிளந்தது. 2015-ல் 'நியூயார்க்கர்' பத்திரிகை நீண்ட கட்டுரை எழுதியது. அதே வருஷம் ஸ்டீபன் கோல்பேரின் டி.வி. நிகழ்ச்சியில் மர்ரே உட்கார்ந்திருந்தார். விளையாடும்போது வேறு ஆட்களைச் சந்திக்க முடியுமா என்று கேட்டார் கோல்பேர். முடியும், ஆனால் பிரபஞ்சம் ரொம்பப் பெரிசு என்பதால் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று பதில்.

இந்தப் பதிலைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேம் வெளியான அன்றே இரண்டு பேர் ஒரே கிரகத்தில் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் கண்டுபிடித்துப் பெயர் வைத்த கிரகத்துக்கு இன்னொருவர் தற்செயலாக வந்து சேர்ந்தார். பேசி வைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் போய் நின்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நேரலையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவே இல்லை. வாய்ப்பு குறைவு என்பதல்ல விஷயம். அந்த வசதியே உள்ளே இல்லை! லிமிடெட் எடிஷன் டப்பாக்களில் 'ஆன்லைன் ஆட்டம்' என்கிற குறியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருந்ததையும் ஜனங்கள் உரித்துக் கண்டுபிடித்தார்கள். இது பலர் சேர்ந்து ஆடுகிற கேம் இல்லை என்று மர்ரே ட்விட்டரில் தெளிவாகச் சொன்னார்தான். எப்போது? வெளியீட்டையொட்டி, முன்பதிவுப் பணம் கல்லாவில் விழுந்த பிறகு.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? மெட்டாக்ரிடிக் சராசரி பிளேஸ்டேஷனில் நூற்றுக்கு 71. கம்ப்யூட்டரில் 61. 'அழகாக இருக்கிறது, அமைதியாக இருக்கிறது, சீக்கிரம் அலுக்கிறது.' சரியான தீர்ப்பு என்பேன். ஆனால் விளையாடியவர்கள் கொதித்தார்கள். ஸ்டீமில் முதல் நாட்களில் ஒரே சமயத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடிக்கொண்டிருந்தார்கள். சில வாரங்களில் அதில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. எங்கே பார்த்தாலும் வசவு, 'காசைத் திருப்பிக் கொடு' என்று கூச்சல்.

இரண்டு தரப்பும் ஒரே கேமைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனித்தீர்களா? விமர்சகர் கையில் இருந்த பண்டத்துக்கு மார்க் போட்டார். வாங்கியவர் மூன்று வருஷமாக மனசில் ஓட்டிக்கொண்டிருந்த படத்துக்கு மார்க் போட்டார். அந்தப் படத்தை அவர் மனசில் ஓட்டியது யார்? மர்ரே பாதி. மீதிப் பாதி நம்முடைய தொழில்காரர்கள், பத்திரிகையாளர்கள். வெளியீட்டுக்குப் பிறகு 71 கொடுத்த அதே துறைதான் அதற்கு முன் டிரெய்லருக்கு டிரெய்லர் பக்கம் ஒதுக்கியது. ஒரு மணி நேரம் மேற்பார்வையில் ஆடிவிட்டு வந்து, அகண்ட பிரபஞ்சம், எல்லையில்லா ஆகாசம் என்றெல்லாம் அளந்தது. 'இரண்டு பேர் சந்தித்தால் திரையில் என்ன தெரியும், இப்போதே காட்டுங்கள் ஐயா' என்று விடாப்பிடியாக நின்றிருக்க வேண்டாமா? அதைக் கேட்டால் அடுத்த தடவை மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி கிடைக்காது. சினிமா நிருபர்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகத் தெரியும்.

ரசிகர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். ஜூனில் வரவேண்டியது ஆகஸ்டுக்குத் தள்ளிப்போகிறது என்ற செய்தியை எழுதிய ஜேசன் ஷ்ரையர் என்கிற நிருபருக்குக் கொலை மிரட்டல் வந்தது. மர்ரேவுக்கும் வந்தது. ஏழு வார தாமதத்துக்குக் கொலை மிரட்டல்! இவர்களை என்ன சொல்லித் திட்டுவது? இன்னொரு ரகம், ஐம்பது மணி நேரம் ஆடித் தீர்த்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்ட கூட்டம். இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு சாம்பாரில் உப்பில்லை என்பவர்கள். ஆனால் இவர்களைக் காட்டியே ஏமாந்தவனின் நியாயமான புகாரையும் மூடப் பார்த்தார்கள் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது.

புகார் பிரிட்டன் விளம்பரக் கண்காணிப்பு அமைப்புவரை போனது. 2016 நவம்பரில் தீர்ப்பு: விளம்பரம் தவறாக வழிநடத்தவில்லை. உடனே, 'பார்த்தீர்களா, பொய்யே இல்லை' என்று ஒரு கோஷ்டி. அந்த அமைப்பு பரிசீலித்தது ஸ்டீம் கடைப் பக்கத்தில் இருந்த படங்களையும் வீடியோவையும் வாசகங்களையும். டி.வி. பேட்டியில் சிரித்துக்கொண்டே சொன்ன 'முடியும்' அந்த வழக்கிலேயே இல்லை. விளம்பரத்தில் எழுதினால் சட்டம் கேட்கும், பேட்டியில் சொன்னால் கேட்காது. இது தெரிந்துவிட்டால் எந்தக் கம்பெனி இனிமேல் விளம்பரத்தில் வாக்குக் கொடுக்கும்?

சரி, 'அப்புறம்' கதைக்கு வருவோம். வெளியீட்டுக்குப் பின் ஹலோ கேம்ஸ் மாதக் கணக்கில் வாய் திறக்கவில்லை. நடுவில் அக்டோபர் கடைசியில் நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கில், இந்த கேமே ஒரு தவறு என்று ஒரு வரி வந்து, யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று விளக்கம் வந்தது தனிக் காமெடி. நவம்பர் கடைசியில் 'ஃபவுண்டேஷன்' என்று முதல் பெரிய அப்டேட். அடுத்தடுத்து நிறைய. 2018 ஜூலையில் வந்த 'நெக்ஸ்ட்' அப்டேட்டில்தான் ஒருவர் இன்னொருவரை ஒழுங்காகப் பார்த்துச் சேர்ந்து ஆட முடிந்தது. 2019-ல் வி.ஆர். 2020-ல் 'கேம் அவார்ட்ஸ்' விருது, 2022-ல் பாஃப்டா விருது. எல்லா அப்டேட்டும் இலவசம்.

இலவசம்! இந்த வார்த்தையில்தான் எனக்குப் பிரச்னை.

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். பொருளைக் கொடுக்கும் முன் வாங்கிய அட்வான்ஸ் வருமானம் ஆகாது. ஐந்தொகையில் பொறுப்புகள் பக்கம் எழுத வேண்டும். அது கடன். கொடுத்தால்தான் கழியும். 2015-ல் 'முடியும்' என்று சொல்லி, 2016-ல் முழுப் பணம் வாங்கி, 2018-ல் கொடுத்தால் அதற்குப் பேர் இலவசமா? இரண்டு வருஷம் லேட்டாக வந்த டெலிவரி. வட்டி கேட்காதது வாங்கியவரின் பெருந்தன்மை. பாஃப்டா நியாயமாக அவர்களுக்குப் போயிருக்க வேண்டும்.

ஓடிப்போகாமல் உட்கார்ந்து வேலை செய்தார்களே என்பீர்கள். செய்தார்கள். கொடுத்த வாக்குக்கு மேலேயும் எத்தனையோ சேர்த்தார்கள். சின்னக் குழுவுக்கு அது சாதாரண உழைப்பில்லை, மரியாதை உண்டு. இத்தனை காசு வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். ஆனால் மன்னிப்பை விருதாக மாற்றியபோது மற்ற கம்பெனிகள் அதிலிருந்து என்ன படித்துக்கொண்டன? 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வந்தது. பழைய பிளேஸ்டேஷன் 4-ல் ஓடவே தடுமாறியது. ஒரே வாரத்தில் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே தூக்கியது, ஆறு மாதம் கழித்துத்தான் திரும்பச் சேர்த்தது. அதையும் பிற்பாடு சரி செய்தார்கள், அதற்கும் கைதட்டினார்கள். 'ஸ்டார் சிட்டிசன்' என்று இன்னொரு விண்வெளி கேம். 2012-ல் பொதுமக்களிடம் வசூலை ஆரம்பித்தது. 2024-க்குள் 70 கோடி டாலரைத் தாண்டிவிட்டது, முழு கேம் அப்போதும் வரவில்லை. அரைவேக்காட்டை முழு விலைக்கு விற்கலாம், மிச்சத்தை அவர்கள் காசிலேயே வேகவைக்கலாம், முடிவில் மாலையும் விழும். இதுதான் பாடம் என்றால் எந்த முதலாளி முழுசாக வேகவைத்துப் பரிமாறுவான்?

இதில் எனக்கு விளங்கவே விளங்காதது முன்பதிவு. தலைவர் படத்துக்கு முதல் நாள் டிக்கெட் முந்தினால்தான் உண்டு. தியேட்டரில் சீட் அவ்வளவுதான். நெட்டிலிருந்து இறக்கிக்கொள்கிற கேம் எப்படி சார் தீர்ந்துபோகும்? ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்ட முடியாத சரக்குக்கு எதற்கு க்யூ? இதற்கும் முந்திப் போய் ஒருத்தர், வெளியீட்டுக்கு முன்பே கைமாறிய ஒரு பிரதியை ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி, வாங்கிய 14 நாளுக்குள் கேட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று 2015 முதல் விதி இருக்கிறது. எத்தனை பேர் வாங்கிய அன்றே அதைப் பயன்படுத்தினார்கள்? முதல் கிரகத்தின் அழகில் மயங்கியே இரண்டு மணி நேரம் போய்விடும். ஏழாவது தோசைக்கு முன்பே கடை மூடிவிடுகிறது.

2023 டிசம்பரில் ஷான் மர்ரே மறுபடி மேடை ஏறினார். முதல் டிரெய்லரைப் போலவே, இதுவும் ஒரு விருது விழா. 'லைட் நோ ஃபயர்' என்று புது கேம். இந்த முறை பூஜ்யங்கள் இல்லை. ஒரே ஒரு கிரகம். ஆனால் பூமி அளவு. இதில் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து ஆடலாம் என்றார். தேதி சொல்லவில்லை. டிரெய்லர் பிரமாதமாக இருந்தது. அரங்கம் கைதட்டியது. உங்கள் பிள்ளை அதைக் காட்டி கார்டு கேட்டால் விலையைக் கேட்காதீர்கள். இரண்டு பேர் ஒரே மரத்தடியில் நின்று ஒருவரை ஒருவர் பார்க்கிற வீடியோவை, வாங்கிய யாராவது எடுத்துப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். கம்பெனி எடுத்த வீடியோ வேண்டாம்.