பட்டாளத்தாரின் காகிதங்கள்

ஒரு யுத்தத்தின் சரித்திரத்தைச் சேனாதிபதிகளின் கடிதங்களைக் கொண்டே எழுதிவிடலாம். அந்த யுத்தத்தில் நின்ற சாதாரணச் சிப்பாயின் சரித்திரத்தை எழுத வேண்டுமானால், அவன் வீடு திரும்பியபோது கையில் கொடுத்தனுப்பிய காகிதமே பல சமயங்களில் கடைசி ஆதாரமாக நிற்கிறது. சர்க்கார் தன்னிடம் வைத்துக்கொண்ட பிரதி என்றென்றும் நிலைக்கும் என்று நம்பியிருப்பது எத்தகைய பேதைமை என்பதற்கு ஜெர்மனியே சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ்ய ராணுவம் தன் படைவீரர் ஒவ்வொருவரைப் பற்றியும் நுணுக்கமாக எழுதி வைத்திருந்த பதிவேடுகளில் மிகப் பெரும்பகுதி, 1945 ஏப்ரல் 14 இரவு போட்ஸ்டாம் நகரின்மீது விழுந்த குண்டுகளால் அங்கிருந்த ராணுவ ஆவணக் காப்பகம் எரிந்தபோது சாம்பலாயிற்று. பவேரியா தன் படையின் ஏடுகளைத் தனியே மூனிக் நகரில் வைத்திருந்தமையால் அவை பிழைத்தன. ஆகவே, 1870ஆம் ஆண்டின் பிரெஞ்சு யுத்தத்தில் போரிட்ட முன்னோரைத் தேடும் பவேரியக் குடும்பத்தாருக்குக் காப்பகத்தில் விடை கிடைக்கிறது. பிரஷ்யக் குடும்பத்தாரோ, சேவை முடிந்தவரிடம் கொடுக்கப்பட்ட சிறிய ராணுவப் புத்தகம் வீட்டுப் பெட்டியில் தப்பிக் கிடக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் கரிசல் சீமைக்கு இந்தப் பாடம் இன்னும் அதிகமாகப் பொருந்தும். 1799 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கும்பினியின் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியின்மேல் படையெடுத்து வந்து, கட்டபொம்மனின் மந்திரியான சுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டு, அவர் தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் ஈட்டியில் குத்தி வைக்கச் செய்தான். அவன் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. 1881இல் வெளியான கால்டுவெல்லின் திருநெல்வேலிச் சரித்திரம் இருக்கிறது. 1801இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830இல் அச்சிட்ட நினைவுக் குறிப்புகளும் இருக்கின்றன. அந்தப் போர்களில் மாண்ட வெள்ளை அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகளும் உண்டு. ஆனால் கும்பினிப் படையில் நின்ற நம்மவரான சிப்பாய்களோ, அறிக்கையின் ஓரத்தில் மாண்டவர் இத்தனை, காயமுற்றவர் இத்தனை என்ற தொகையாக மட்டுமே மிஞ்சினார்கள். கோட்டைக்குள்ளிருந்து வேல்கம்போடு எதிர்த்து நின்றவர்களுக்கு அந்தத் தொகைகூடத் திட்டமாக வாய்க்கவில்லை.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. கும்பினியின் சேவையில் அதிகாரியாகச் சேர வந்த ஆங்கிலச் சிறுவனின் ஞானஸ்நானச் சான்றிதழ்கூட இன்றும் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் கிடைக்கிறது. அவனுக்குக் கீழே ஆயுட்காலம் முழுவதும் உழைத்த தமிழ்ச் சிப்பாயின் தகப்பன் பெயரையும் ஊரையும் அவ்வாறு தேடி எடுப்பது மிகவும் அரிது. முதல் உலக யுத்தம் முடிந்தபின் நாட்டின் பல கிராமங்களில் சர்க்கார் பதித்த கற்பலகைகளும், இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் யுத்தத்துக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று கணக்கை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டன. பஞ்சாபிலோ ஊர்வாரியாகப் பெயர்களை எழுதி வைத்தார்கள். லாகூர் அருங்காட்சியகத்தில் தூங்கிக் கிடந்த அந்தப் பதிவேடுகள், ஏறத்தாழ 3,20,000 பேரைப் பற்றியவை, 2021 முதல் கணினிவழி மக்கள் பார்வைக்கு வரத் தொடங்கியதும், கடல்கடந்து வாழும் பஞ்சாபியர் தங்கள் பாட்டன், முப்பாட்டன் பெயர்களை அவற்றில் தேடலாயினர்.

நமக்கு அத்தகைய பதிவேடு இல்லையென்றால், வீடுகளில் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டாமா? விளாத்திகுளம், நாகலாபுரம், கோவில்பட்டி வட்டாரங்களில், வானம் பார்த்த பூமி ஏமாற்றிய வருஷங்களில் பட்டாளத்துக்குப் போனவர்களின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். படை எண், தகப்பன் பெயர், கிராமம், சேர்ந்த தேதி, உயரம், அங்க அடையாளமாக ஒரு மச்சம் அல்லது தழும்பு, பெற்ற பதக்கங்கள், விடுவிக்கப்பட்ட காரணம், கடைசியில் நடத்தை எப்படி என்று அதிகாரி எழுதிய ஓரிரு சொற்கள் எல்லாம் அதில் அடங்கிவிடுகின்றன. ஆனால் இந்தக் காகிதத்தின் ஆயுள் பென்ஷனின் ஆயுளோடு பிணைந்தது. பட்டாளத்தார் காலமானபின் அவர் மனைவிக்குக் குடும்ப பென்ஷன் வரும்வரை அதை மஞ்சள் பையில் சுற்றிப் பொன்போல் காப்பார்கள். அந்த அம்மாளும் மறைந்தால், இனி எதற்கென்று பழைய பேப்பர்காரரின் தராசில் ஏற்றிவிடுவார்கள். பத்திரப்படுத்துவதாக எண்ணி லேமினேஷன் செய்பவர்களும் நன்மை செய்வதில்லை. ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னர் பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வருகிறது.

அந்நியனுக்குக் கூலிக்குப் போரிட்டவனின் காகிதத்தைப் போற்றுவானேன் என்று சிலர் கேட்கலாம். காகிதத்தைக் காப்பது வேறு, பதக்கம் அணிவிப்பது வேறு. எவன் எந்தப் பஞ்சத்தில், எந்த நிர்ப்பந்தத்தில் அந்தப் படையில் சேர்ந்தான் என்று அறியாமல் அவனைப் புகழவும் முடியாது, பழிக்கவும் முடியாது. ஆதாரம் அழிந்த இடத்தில் முளைப்பதெல்லாம் வீரக் கதையோ வசைப்பாட்டோதான்.

ஆகையால் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் இவ்வட்டாரக் கல்லூரிகளின் சரித்திர மாணவர்களையும் துணைக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று இக்காகிதங்களைப் படமெடுக்க வேண்டும். மூலப் பிரதியை வாங்கிக்கொண்டு போகாமல் அன்றே வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இருப்பவர்களின் பென்ஷன், வங்கி விவரங்களை வெளியிடலாகாது. எங்கே பணியாற்றினார், ஊருக்கு எப்போது திரும்பினார் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் உடன் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் புத்தகத்திலுள்ள சங்கேதச் சுருக்கங்களுக்கு உரை சொல்லக்கூடியவர்கள் அவர்களே. பானர்மனின் கடிதங்களை இருநூறு வருஷங்களாகக் காத்துவரும் சர்க்காருக்கு, நாகலாபுரத்துப் பட்டாளத்தாரின் இருபது முப்பது பக்கங்களைக் காப்பது பெருஞ்செலவாகிவிடாது.