வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்

போன வாரம் ஒரு நாள் காலை, நடை முடிந்து வந்து திண்ணையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டையிலிருந்து பழைய நண்பர் ஒருவர் வந்தார். கையில் மஞ்சள் பை, பைக்குள் டைப் அடித்த நாலு தாள்.

"அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. திங்கக்கிழமை ரிஜிஸ்தர் பண்ணலாம்னு இருக்கேன்."

வீட்டை மூத்த மகன் பெயருக்கு எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரத்தின் வரைவு அது. என்ன அவசரம் என்று கேட்டேன். அவர் மனைவிக்கு இரண்டு வருடமாக நடுக்குவாதம். இப்போது படுக்கையிலிருந்து எழுப்பி உட்காரவைக்கவே ஆள் வேண்டியிருக்கிறது. பகலுக்கு ஒரு பெண் வைத்திருக்கிறார்கள். இனி இரவுக்கும் வேண்டும், இல்லையென்றால் திருநெல்வேலிப் பக்கம் ஏதாவது பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டும்.

"இந்தச் செலவுல வீடு கரைஞ்சிரக்கூடாது, அண்ணாச்சி. பையன் பேருல இருந்தா பத்திரமா இருக்கும்லா?"

பதிவுத்துறையில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வியை எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் நண்பருக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. காரணம் என் அக்கா.

அத்தான் 2013-ல் காலமானார். அக்காவுக்குக் கிருஷ்ணாபுரத்தில் ஒரு ஓட்டு வீடும், அறுபது சென்ட் நஞ்சையும் இருந்தன. ஒரு மகன், ஒரு மகள். மறு வருடமே வீட்டை மகன் பெயருக்கு எழுதிவிடும்படி யோசனை சொன்னது நான்தான். "பின்னால பிள்ளைகளுக்குள்ள தகராறு வரக்கூடாதுக்கா" என்றேன். வாசகத்தையும் நானே எழுதினேன். கடைசி வரை அக்காவைப் பராமரிக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"எம்புள்ளைக்கு நான் நிபந்தனை போடவா? அவன் என்ன நெனைப்பான்?" என்றாள் அக்கா.

அந்த வரியின் மதிப்பு எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டேன்.

2019-ல் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. மகன் கெட்டவன் இல்லை. சவூதியிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்பினான். ஆனால் அதற்கு முன்பே தொழில் தொடங்க அந்த வீட்டை பாங்கில் அடமானம் வைத்திருந்தான். 2020-ல் கொரோனா வந்து வேலை போயிற்று. தென்காசியில் இருந்த மகள் தையல் வேலையை விட்டுவிட்டு அம்மாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். உதவிக்கு வந்த பெண்ணுக்கு மாதம் 12,000 ரூபாய். டயாபர், மருந்து, பிசியோதெரபி எல்லாம் சேர்த்து இன்னும் எட்டாயிரம். அக்காவின் வீடு வாடகைக்குப் போயிருந்தது. வாடகை பாங்குத் தவணைக்குப் போயிற்று. நஞ்சையை அவசரத்தில், வந்த விலைக்கு விற்றோம்.

கடைசி ஆறு மாதம் அக்கா தெளிவாகச் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "வீட்டுக்குப் போலாமா?"

அவள் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். 2022-ல் அக்கா போய்ச் சேர்ந்தாள். அடுத்த வருடம் கடனுக்காக வீடும் விற்றுப்போயிற்று. அண்ணனும் தங்கையும் இன்று வரை பேசிக்கொள்வதில்லை. தகராறு வரக்கூடாது என்றுதான் நான் பத்திரம் எழுதச் சொன்னேன்.

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அமெரிக்காவுல இருக்க என் தம்பி மகன்தான் சொன்னான். அங்கெல்லாம் முன்னாடியே பிள்ளைக பேருக்கு மாத்திருவாங்களாமே" என்றார்.

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது அந்த நாட்டுக் கணக்கு. அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லத்தின் செலவை மெடிகெய்ட் என்ற அரசுத் திட்டம் ஏற்க வேண்டுமானால், முதியவரின் கையில் சொத்து மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதனால் முன்கூட்டியே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடப் பார்க்கிறார்கள். அரசும் விடுவதில்லை. விண்ணப்பித்த நாளிலிருந்து ஐந்து வருடம் பின்னோக்கிப் போய், யாருக்கு என்ன கொடுத்தாய் என்று பார்க்கிறது.

நம் ஊரில் அப்படி நமக்காக மாதாமாதம் பில் கட்டும் அரசுத் திட்டம் எது இருக்கிறது? 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் வந்தது. பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது, படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும் வலி நிவாரணச் சிகிச்சையும் தருகிறார்கள். நல்ல திட்டம், கட்டாயம் பயன்படுத்த வேண்டும். அதைப் பெற யாரும் வீட்டை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. இரவு முழுக்க கூட இருந்து பார்க்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க எந்தத் திட்டமும் இல்லை. ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸும் ஆஸ்பத்திரியோடு சரி, வீட்டில் வைத்துப் பார்க்கும் செலவுக்கு உதவாது.

வரிக்குப் பயந்தும் எழுத வேண்டியதில்லை. செத்தவர் சொத்துக்கு எஸ்டேட் டியூட்டி என்று ஒன்று 1953 முதல் இருந்தது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். 1985-ல் அதை எடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் வீட்டை யாரிடமிருந்து காப்பாற்றுகிறோம்? அரசு கேட்கவில்லை, வரியும் கேட்கவில்லை. அந்த வீட்டைச் சம்பாதித்தவரின் சொந்த மருந்துச் செலவிலிருந்தும் சாப்பாட்டுச் செலவிலிருந்தும்தான் காப்பாற்றுகிறோம். இது என்ன நியாயம்? சொத்தின் மேல் முதல் பாத்தியதை அதைச் சம்பாதித்துக் கட்டிக் காத்தவருக்குத்தான். அவர் கண் மூடியபின் மிஞ்சுவது பிள்ளைகளுக்கு. மிஞ்சாவிட்டாலும் குறையில்லை.

சரி, ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவர்கள் என்ன செய்வது? 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-வது பிரிவு இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பார்க்காமல் விட்டால், தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். கோட்டாட்சியர்தான், அதாவது ஆர்.டி.ஓ.தான் தீர்ப்பாயம். நம் மாவட்டத்தில் தென்காசி, சங்கரன்கோவில் என்று இரண்டு வருவாய்க் கோட்டங்கள். நமக்கு எது என்று தாலுகா ஆபீசில் கேட்டால் சொல்வார்கள். ஆர்.டி.ஓ. உத்தரவின் மேல் கலெக்டரிடம் 60 நாளுக்குள் அப்பீல் போகலாம். பிள்ளைகள் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் தர வேண்டும் என்றும் இந்தச் சட்டப்படி உத்தரவிட முடியும்.

இதில் கவனிக்க வேண்டியது 'நிபந்தனையோடு' என்ற சொல். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், அப்படி ஒரு நிபந்தனை இருந்தது என்று காட்டினால்தான் ரத்து செய்ய முடியும் என்று சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம், இது முதியவர்களின் நன்மைக்காக வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி வீட்டைத் திரும்பக் கொடுக்கச் செய்தது. அந்த அம்மாவுக்கு, கடைசி வரை பார்த்துக்கொள்வேன் என்று மகன் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு தனித்தாள் கைகொடுத்தது. அதே வருடம் மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்து 87 வயது அம்மா ஒருவரின் வழக்கில், 'அன்பின் காரணமாக' என்று எழுதியிருப்பதிலேயே பராமரிப்பு நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று ஏற்றுக்கொண்டது.

தீர்ப்புகள் இப்படி முன்னும் பின்னுமாக இருக்கும்போது, நம் விதி எந்த நீதிபதி எப்படிப் பொருள் கொள்வார் என்பதில் தொங்க வேண்டுமா? ஒரு வரி எழுதிவிட்டால் போதுமே. அதோடு, என் அக்காவைப் போன்றவர்கள் பெற்ற பிள்ளை மேல் மனு கொடுக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் படி ஏற மாட்டார்கள். சட்டம் இருந்தும் அவர்களுக்குப் பிரயோஜனமில்லை.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலாவது, உயிரோடு இருக்கும்போது குடியிருக்கும் வீட்டை எழுதிக் கொடுக்காதீர்கள். உயில் எழுதுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை, ஆனால் பதிந்து வைப்பது நல்லது. மனசு மாறினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்டைப் பதிந்தபின், "வேண்டாம், ரத்து பண்ணுங்கள்" என்று சப்-ரிஜிஸ்தர் ஆபீசுக்கு நாம் மட்டும் தனியாகப் போய் நிற்க முடியாது.

நண்பர் முஸ்லிம் என்பதால் இன்னொன்றும் சொன்னேன். அவர்கள் சட்டப்படி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். வாரிசுக்கே எழுதினாலும் சம்மதம் வேண்டும். அதனால்தான் பலர் ஹிபாவாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஹிபாவில் சொத்தைக் கையோடு ஒப்படைக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவசரப்படாமல் ஒரு ஆலிமிடமும் ஒரு வக்கீலிடமும் கேட்டுவிட்டு முடிவெடுக்கச் சொன்னேன். எழுதாமலே விட்டாலும் பங்கு இன்னாருக்கு இவ்வளவு என்று மார்க்கமே வகுத்து வைத்திருக்கிறது.

இரண்டாவது, கொடுத்தே ஆக வேண்டும் என்றால், 'என் ஆயுள் பரியந்தம் நானும் என் மனைவியும் அனுபவித்துக்கொண்டு' என்ற வாசகம் இருக்கட்டும். அடுத்த வரியில் சாப்பாடு, மருந்து, உதவிக்கு ஆள், இருக்க இடம் ஆகியவற்றைத் தர வேண்டும் என்றும், தவறினால் பத்திரத்தை ரத்து செய்ய உரிமை உண்டு என்றும் எழுதுங்கள். பிள்ளை வருத்தப்படுவான் என்று நினைக்காதீர்கள். பார்த்துக்கொள்ளப் போகிறவனுக்கு அந்த வரியால் என்ன நஷ்டம்?

மூன்றாவது, மாதாமாதம் கைக்கு வரும் பணம் முதியவர் பெயரிலேயே இருக்க வேண்டும். பயிர் வைக்காமல் கிடக்கும் வயலை நிதானமாக, நல்ல விலைக்கு விற்று அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். உச்சவரம்பு 30 லட்சம். நான் இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம். 15 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 30,750 ரூபாய் வரும். உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளத்துக்குப் பெரும்பகுதி அதிலேயே ஆயிற்று. வட்டி வேண்டாம் என்பவர்கள் மாடியையோ முன்பக்கத்தையோ வாடகைக்கு விட்டு, வாடகையைத் தங்கள் கணக்கிலேயே வாங்கலாம். வீட்டை வைத்து பாங்கிலிருந்து மாதாமாதம் பணம் பெறும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் திட்டமும் 2007 முதல் இருக்கிறது. ஆனால் சுயசம்பாத்திய வீடாக, வில்லங்கமில்லாமல் இருக்க வேண்டும். பாகம் பிரிக்காத பூர்வீக வீடுகளுக்கு அது சரிவராது.

நான்காவது, ஒரு நோட்டுப் போடுங்கள். யார் எவ்வளவு பணம் தந்தார்கள், யார் கூட இருந்து பார்த்தார்கள் என்று எழுதுங்கள். பணம் அனுப்பும் மகனின் கணக்கு எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. ராத்திரி நாலு தடவை எழுந்து புரட்டிப் படுக்கவைக்கும் மகளின் கணக்கை யாரும் எழுதுவதில்லை. என் அக்கா மகள் மூன்று வருடம் பார்த்தாள். தையலை விட்டதில் அவள் இழந்ததை ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட. உயில் எழுதும்போது அந்த உழைப்புக்கு ஒரு பங்கு வைத்தால் அது தர்மம்.

உங்களில் யாருக்காவது இப்போதே கஷ்டம் இருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், காசு கிடையாது.

நண்பர் எல்லாம் கேட்டுக்கொண்டார். "எம் பையன் அப்படிப்பட்டவன் இல்ல, அண்ணாச்சி" என்றார். "எங்க அக்கா மகனும் அப்படிப்பட்டவன் இல்ல, பாய்" என்றேன். தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை அவர் பதியப் போகவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. அலமாரியிலிருந்து என் பழைய உயிலை எடுத்துப் பார்த்தேன். அதில் என் மனைவியின் பராமரிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஊருக்குச் சொன்னவன் வீட்டில் இந்த லட்சணம். மாற்றி எழுதிவிட்டேன். சாவி எங்கே இருக்கிறது என்று மகன், மகள் இருவரையும் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். மகன் கொஞ்சம் சங்கடப்பட்டான். மகள், "இதை அத்தைக்கு எழுதியிருக்கலாமேப்பா" என்றாள்.

அவள் சொன்னது சரிதான்.