ஒருவகைப் பறவை

பழம்பாடல்களின் உரைகளைப் புரட்டும்போது நம்மை உறுத்தும் தொடர் ஒன்றுண்டு: 'ஒருவகைப் பறவை'. பொருள் சொல்லியாயிற்று என்று நாமும் அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். பறவை பார்த்தலின் மகிழ்ச்சி, அப்படிப்பட்ட சொற்களுக்கு உயிர் திரும்புவதில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

வயலோர வாய்க்காலில் மடையானைப் பாருங்கள். மண் நிறத்தில், கழுத்தை உள்ளிழுத்து, அசையாமல் நிற்கும். நெருங்கினால் எழும், மறைந்திருந்த வெண்சிறகுகள் அப்போதுதான் தெரியும். கால்களோ பசுமை கலந்த மஞ்சள். குறுந்தொகையின் 25ஆம் பாடலில் குருகின் காலுக்குக் கபிலர் தினைத்தாளை உவமை சொன்னது ஏன் என்பதை, அந்தக் கால்களைக் கண்டவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மீனையே நோக்கி உறைந்து நிற்கும் பறவையைத் தவிர வேறு சாட்சி இல்லாத தலைவியின் ஆற்றாமையும் அப்போது விளங்கும்.

கண்ட இனங்களை எண்ணிப் பட்டியலிடுவோரும் இருக்கிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் இலக்கிய வாசகருக்கு ஒரு பறவையே போதும். அதற்கு வேடந்தாங்கல் வரை போகவேண்டியதில்லை. ஊர்க் கண்மாயே போதும். கண்மாய்களும் தூர்ந்துபோனால், உரையாசிரியரின் அந்த இரண்டு சொற்களே நமக்கு மிஞ்சும்.